1945க்குப் பிறகு என்ன நடந்தது என்று கேளுங்கள்: மலாயாத் தோட்டத்து முதியவர்களிடம் கற்றது

இரண்டாம் உலகப் போர், 1945 செப்டம்பர் 2 அன்று தோக்கியோ விரிகுடாவில் நின்ற ‘மிசூரி’ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலில் ஜப்பான் சரணாகதி ஆவணத்தில் கையெழுத்திட்டதோடு முடிவுக்கு வந்தது. அன்றைக்கு என் தாய்வழித் தாத்தா சயாமில் (இன்றைய தாய்லாந்து), ஜப்பானிய இராணுவம் போட்ட மரண ரயில்பாதையை ஒட்டிய முகாம் ஒன்றில் இருந்தார். மலாயாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டுக்கு அருகே இருந்த ரப்பர் தோட்டத்து லயத்திற்கு (தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு) அவர் திரும்பி வந்து சேர்ந்தது 1946ஆம் ஆண்டின் நடுவில்தான். இடைப்பட்ட அந்த மாதங்களில் மலாயாவில் இராணுவ ஆட்சி வந்து போயிற்று, பழைய நோட்டுகள் செல்லாமற் போயின, மலாயன் யூனியன் என்ற புதிய அரசமைப்பு நிறுவப்பட்டது, அதை எதிர்த்து ஒரு பெரிய மலாய்க் கட்சியும் பிறந்துவிட்டது. இப்போது யாருடைய ஆட்சி நடக்கிறது, எந்தக் காசு செல்லும் என்பதையே அவர் மற்றவர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

பேராக்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, தோட்டங்களில் வாழ்ந்த முதியவர்களின் நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்து வருகிறேன். போர்க்காலத்தைப் பற்றி அவர்கள் தயங்காமல் பேசுகிறார்கள். ஆனால், போர் முடிந்த பிறகு வந்த மூன்று நான்கு ஆண்டுகளைப் பற்றிக் கேட்டால் பேச்சு தடைப்படுகிறது, ஆண்டுகள் குழம்புகின்றன, சில பெயர்கள் வாய்க்குள்ளேயே நின்றுவிடுகின்றன. மலேசியத் தமிழர்களின் பிற்கால வாழ்க்கையைத் தீர்மானித்தவை அந்த ஆண்டுகள்தான் என்பதால், அவற்றைக் கேட்டு வாங்குவதற்கு நான் பழகிக்கொண்ட வழிகளை, தம் குடும்பத்திற்காக இதே வேலையைச் செய்ய விரும்புகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் தேதிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜப்பானியப் பேரரசர் வானொலியில் சரணாகதியை அறிவித்தது 1945 ஆகஸ்ட் 15. தோக்கியோவில் கையெழுத்தாகும் வரை வேறெங்கும் படைகள் இறங்கக்கூடாது என்று ஜெனரல் மெக்கார்தர் உத்தரவிட்டிருந்ததால், பிரிட்டிஷ் கடற்படையினர் பினாங்கில் செப்டம்பர் தொடக்கத்தில்தான் இறங்கினார்கள். மோரிப் கடற்கரையில் படைகள் இறங்கியது செப்டம்பர் 9. சிங்கப்பூரில் மவுண்ட்பேட்டன் முன்னிலையில் ஜப்பானியத் தளபதி இட்டகாகி கையெழுத்திட்டது செப்டம்பர் 12. கோலாலம்பூரில் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியில் சரணாகதிச் சடங்கு நடந்தது செப்டம்பர் 13. இவ்வாறு ஏறத்தாழ நான்கு வாரங்கள், ஜப்பானியர் ஆட்சியை விட்டுவிட்ட, பிரிட்டிஷார் இன்னும் வந்து சேராத ஒரு காலமாகக் கழிந்தன. ஜப்பானியரை எதிர்த்துக் காட்டில் இருந்து போரிட்ட மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர், மூன்று நட்சத்திரம் பதித்த தொப்பிகளோடு அப்போது வெளியே வந்து பல சிற்றூர்களைத் தம் கைக்குள் கொண்டுவந்தார்கள். ஜப்பானியருக்கு உதவியவர்கள் என்று கருதப்பட்டவர்களை விசாரித்துத் தண்டித்தார்கள். ஜொகூரில் பத்து பகாட், மூவார் பகுதிகளில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கொலைகள் நடந்தன.

தோட்டத்து முதியவர்களிடம் ‘போர் எந்த வருடம் முடிந்தது’ என்று கேட்டால் இந்த நான்கு வாரங்கள் பதிலில் வராது. பெரும்பாலோர் 1945 என்று மனப்பாடமாகச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். அதனால் நான் தேதியைக் கேட்பதை விட்டுவிட்டு, நடப்பு அடையாளங்களைக் கேட்கிறேன். பெரட்டுக் களத்தில் அன்றைக்கு யார் நின்று பேர் கூப்பிட்டது? தொப்பியில் என்ன இருந்தது? எந்தக் கொடி பறந்தது? அரிசி எப்போது கைக்கு வந்தது, எத்தனை நாள் மரவள்ளிக் கிழங்கு தின்றீர்கள்? வாழைமர நோட்டை என்ன செய்தீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வி மிகவும் பயன்படுகிறது. ஜப்பானியர் அச்சிட்ட பத்து வெள்ளி (டாலர்) தாளில் வாழைமரப் படம் இருந்தது. திரும்பி வந்த பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் அந்தப் பணம் முழுவதையும் செல்லாது என்று அறிவித்துவிட்டது. சேர்த்து வைத்திருந்த கூலி ஒரே அறிவிப்பில் இல்லாமற் போன நாளை எந்தத் தோட்டக் குடும்பமும் மறப்பதில்லை. அந்த நாளைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன் என்ன, அதற்குப் பின் என்ன என்று கேட்டால், நினைவு தானாகவே ஒழுங்குக்கு வருகிறது. தோட்டத்து எழுத்தரான கிராணியைப் பற்றி ஒரு பாட்டி என்னிடம் சொன்னார்: “சப்பான்காரன் போயிட்டான், வெள்ளைக்காரன் இன்னும் வரல. அந்த நடுவுலதாம்பா எங்க கிராணியைக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. அப்புறம் அவரு வரவே இல்லை.” எந்தத் தேதியைக் கேட்டிருந்தாலும் இந்தச் செய்தி எனக்குக் கிடைத்திருக்காது.

பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் 1945 செப்டம்பரிலிருந்து 1946 மார்ச் இறுதிவரை நடந்தது. அந்த ஏழு மாதங்களை மக்கள் பசியோடும் கள்ளச் சந்தையோடும் சேர்த்தே நினைவு வைத்திருக்கிறார்கள். பர்மாவிலிருந்து வர வேண்டிய அரிசி வரவில்லை. பங்கீடு குடும்பத்திற்குப் போதவில்லை. 1945 அக்டோபரில் பேராக்கில் சுங்கை சிப்புட், ஈப்போ, பத்து காஜா ஆகிய ஊர்களில் அரிசியும் வேலையும் கேட்டுத் திரண்ட கூட்டங்கள்மீது பிரிட்டிஷ் படையினர் துப்பாக்கியால் சுட்டார்கள். விடுதலை செய்ய வந்தவர்கள் என்று வரவேற்கப்பட்ட படை, ஒன்றரை மாதத்திற்குள் அரிசி கேட்டவர்களைச் சுட்டது என்பது, பின்னால் வந்த தொழிற்சங்கப் போராட்டங்களைப் புரிந்துகொள்ள மிகவும் தேவையான ஒன்று. இதை முதியவர்களிடம் நேரடியாகக் கேட்காமல், அந்தக் காலத்தில் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பதிலிருந்து தொடங்கினால், துப்பாக்கிச் சூடு வரை அவர்களே வந்து சேர்கிறார்கள்.

சயாமுக்குப் போனவர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் எங்கள் வட்டாரத்தில் அநேகமாக ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்திலும் அப்படிப் போன ஒருவர் இருக்கிறார். தாய்லாந்தின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள பாதையை, ஜப்பானிய இராணுவம் 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது. அதற்குத் தேவையான தண்டவாளங்களில் ஒரு பகுதியை, மலாயாவின் கிழக்குக்கரை ரயில்பாதையைப் பெயர்த்தே கொண்டுபோனார்கள். 60,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அங்கே வேலை செய்தார்கள். அவர்களில் 12,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களின் தொகையைப் பற்றிய மதிப்பீடுகள் 1,80,000இலிருந்து 2,50,000 வரை வேறுபடுகின்றன. அவர்களில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி என்று ஆசை காட்டி முதலில் அழைத்தார்கள். ஆள் சேராதபோது லாரியில் பிடித்துப் போட்டுக்கொண்டு போனார்கள். என் தாத்தா 1943இல் போனவர்.

இரு கணக்குகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்று ஏன் திட்டமாகவும் மற்றொன்று ஏன் மங்கலாகவும் இருக்கிறது என்பதற்கு விடை கிடைக்கும். போர்க்கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தார்கள், பட்டியல்கள் இருந்தன, இறந்தவரின் பெயரையும் புதைத்த இடத்தையும் மறைவாகவேனும் குறித்துவைக்க ஆள் இருந்தது. போர் முடிந்ததும், நேசநாட்டுக் கைதிகளையும் தடுப்புக்காவலில் இருந்தவர்களையும் மீட்பதற்கென்றே ஒரு பிரிவு அமைக்கப்பட்டு, சில வாரங்களுக்குள் அவர்கள் கப்பலிலும் விமானத்திலும் ஏறினார்கள். தமிழ்த் தொழிலாளிகளின் பெயர்களைக் காப்பாற்றி வைக்க அத்தகைய அமைப்பு எதுவும் இல்லை. முகாம்களில் உயிரோடு எஞ்சியவர்கள் தம் முறைக்காகக் காத்திருந்தார்கள். பலர் 1946இல்தான் ஊர் திரும்பினார்கள். தாத்தா பாடாங் பெசார் வழியாகச் சரக்கு வண்டியில் வந்தார் என்பதையும், அவருடன் தோட்டத்திலிருந்து போனவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே அந்த வண்டியில் இருந்தார்கள் என்பதையும் என் அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார்.

திரும்பி வந்தவர்களைப் பற்றிக் கேட்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். மூன்று ஆண்டுகளாகச் செய்தி வராத கணவர் இறந்துவிட்டார் என்று கருதி, பிள்ளைகளைக் காப்பாற்றுவதற்காக வேறொருவரோடு குடும்பம் அமைத்துக்கொண்ட பெண்கள் பல தோட்டங்களில் இருந்தார்கள். பிறகு அந்தக் கணவர் வந்து நின்றபோது, பஞ்சாயத்தில் ஒரு முடிவு எடுக்கப்பட்டு, பலரும் அதை ஏற்றுக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். இன்று எண்பது தொண்ணூறு வயதில் இருப்பவர்கள் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள். பேரப்பிள்ளைகள் சூழ்ந்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்து இதைக் கேட்கக் கூடாது. நான் பெரும்பாலும் மாலையில், வீட்டுப் பெண்கள் வேலையாக இருக்கும் நேரத்தில், முதியவரோடு தனியாக வாசலில் உட்கார்ந்துதான் பேசுவேன். ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்தச் சொன்னால் அக்கணமே நிறுத்திவிட்டு, நிறுத்தியதை அவர் கண்ணால் பார்க்கும்படி காட்டுவேன். அவர் வெளியில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதை எழுதுவதில்லை.

மரண ரயில்பாதையின் பாலமும் கல்லறைகளும் உள்ள தாய்லாந்து ஊரான காஞ்சனபுரிக்குப் போக விரும்புகிறவர்கள், பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து நாம் தோக் வரை இன்றும் ஓடும் ரயிலிலேயே போகலாம். பழைய மரண ரயில்பாதையில் இப்போது பயன்பாட்டில் உள்ள பகுதி அதுதான். ஊர் நடுவிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேருடைய கல்லறைகள் பெயர், படைப்பிரிவு, வயது ஆகியவற்றோடு புல்வெளியில் வரிசையாக இருக்கின்றன. அங்கே தமிழ்த் தொழிலாளியின் கல்லறையைத் தேட வேண்டாம்; அது நேசநாட்டுப் படையினருக்கானது. சற்றுத் தள்ளி, வியட்நாமிய மரபில் அமைந்த வாட் தாவோர்ன் வராராம் என்னும் பௌத்த ஆலயம் இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைத் திரட்டிப் புதைத்த நினைவிடம் அந்த வளாகத்தில்தான் உள்ளது. தாய்லாந்துவாழ் தமிழர்களின் முயற்சியால் அண்மை ஆண்டுகளில் அங்கே ஒரு நடுகல்லும் எழுப்பப்பட்டுள்ளது. பாலத்திற்கு அருகே ஜப்பானியர் 1944இல் கட்டிய நினைவுத்தூண் ஒன்று உண்டு; அதன் கல்வெட்டுகளில் தமிழும் இருக்கிறது. பெரும்பாலான சுற்றுலாக் குழுக்கள் பாலத்தையும் கல்லறைத் தோட்டத்தையும் காட்டிவிட்டுத் திரும்பிவிடுவதால், ஆலயத்தின் பெயரை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுநரிடம் காட்டுங்கள். தாத்தாவுக்குத் திதி கொடுக்க விரும்பும் குடும்பங்கள் வேண்டியவற்றை இங்கிருந்தே கொண்டுபோவது நல்லது. ஆலயத்தாரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற்றுக்கொண்டால் அமைதியாகச் செய்ய இடம் தருகிறார்கள்.

இழப்பீடு பற்றிய கேள்வி எல்லா வீடுகளிலும் எழும். நான் போய் உட்கார்ந்தவுடன், பெட்டியிலிருந்து பழைய காகிதங்களை எடுத்துவந்து, “இதுக்குச் சப்பான்காரன் காசு கொடுப்பானாய்யா?” என்று கேட்டவர்கள் பலர். அவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிடுவது நம் கடமை. ரயில்பாதையின் தாய்லாந்துப் பகுதியைப் பிரிட்டிஷ் அரசு 1946இல் தாய்லாந்து அரசுக்கு 12,50,000 பவுண்டுக்கு விற்றது. 1951 செப்டம்பர் 8 அன்று கையெழுத்தான சான்பிரான்சிஸ்கோ அமைதி ஒப்பந்தத்தில், முன்னாள் போர்க்கைதிகளுக்கு உதவுவதற்காக ஜப்பானியச் சொத்துகளிலிருந்து ஒரு நிதி ஒதுக்க வழிசெய்யப்பட்டது. ரயில்பாதையில் உழைத்த ஆசியத் தொழிலாளர்களுக்கு அந்த நிதியில் இடமில்லை. 1967இல் ஜப்பான் மலேசியாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி 25 மில்லியன் வெள்ளி மதிப்புக்குப் பொருளும் சேவையும் வழங்கியது. அது அரசுக்கு வந்தது, தனியாருக்குப் பிரித்துக் கொடுக்கப்படவில்லை. 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு, ஜப்பானியரிடம் கைதிகளாக இருந்த தன் முன்னாள் வீரர்களுக்கு ஆளுக்கு 10,000 பவுண்டு கொடுத்தது. இந்த வரிசையைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது. ஆனாலும் இதைச் சொல்லாமல் பேட்டி எடுத்தால், எடுப்பவர் ஏதோ மனு எழுத வந்திருக்கிறார் என்ற நம்பிக்கையில் முதியவர் காத்திருப்பார். அது அவருக்குச் செய்யும் இரண்டாவது கொடுமை.

இனி, இந்திய தேசிய இராணுவம். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்ததும், அக்டோபர் 21 அன்று தற்காலிகச் சுதந்திர இந்திய அரசை அறிவித்ததும், தோட்டத்துப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்ததும் இன்று பெருமையோடு பேசப்படுகின்றன. இராணுவத்தில் சேர்ந்தால் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள் என்பதும் பல இளைஞர்கள் சேர்ந்ததற்கு ஒரு காரணம் என்பதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதனால் அவர்களுடைய நாட்டுப்பற்று குறைந்துவிடாது. போர் முடிந்தபோது இவர்களின் நிலை மிகவும் சங்கடமானது. 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிச் சிங்கப்பூர்க் கடற்கரையில் எழுந்த நினைவுச்சின்னத்தைத் திரும்பி வந்த பிரிட்டிஷ் படையினர் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த வாரங்களில் பல வீடுகளில் படங்களும் சீருடைகளும் நன்கொடை ரசீதுகளும் அடுப்பில் போடப்பட்டன. பிறகு நவம்பரில் தில்லிச் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் ஆகிய மூவர்மீதும் விசாரணை தொடங்க, இந்தியா முழுவதும் அவர்களுக்கு ஆதரவாக எழுந்தபோது, மலாயாத் தமிழர்களும் துணிவு பெற்றார்கள். 1946 மார்ச்சில் ஜவஹர்லால் நேரு மலாயாவுக்கு வந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியது. அதன் முதல் தலைவர் ஜான் திவி, நேதாஜி இயக்கத்தில் பங்கெடுத்தவர். ஆகவே ஒரு குடும்பத்தில் தேசிய இராணுவத்தின் காகிதம் எதுவும் இல்லை என்பதாலேயே அவர்கள் அதில் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். 1945 செப்டம்பரில் என்னென்ன எரித்தீர்கள் என்று கேளுங்கள். எரித்தவற்றின் பட்டியலே ஒரு நல்ல சான்று.

இதைவிடக் கடினமானது தொழிற்சங்கங்களைப் பற்றிய பேச்சு. போருக்குப் பிந்தைய பசியிலிருந்தும், கூலி உயராததிலிருந்தும் தோட்டங்களில் சங்கங்கள் வேகமாக எழுந்தன. கெடாவில் தொண்டர் படை என்ற பெயரில் இளைஞர்கள் கள்ளுக்கடைகளுக்கு எதிராகவும் தோட்டத்துக் கட்டுப்பாட்டிற்காகவும் திரண்டார்கள். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்து, இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில், கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டத்தை ஒடுக்க, நாடு முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. சம்மேளனத்தின் பதிவு அதற்குச் சில நாள் முன்பே நீக்கப்பட்டிருந்தது. கணபதி கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்திய நாள் மற்றொரு சங்கத் தலைவரான பி. வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். சங்கத்திற்குச் சந்தா கட்டியவர், கூட்டத்திற்குப் பாய் விரித்தவர் என யார்மீதும் சந்தேகம் விழக்கூடிய அந்த நாட்களில் கற்றுக்கொண்ட மௌனம், 1960இல் அவசரகாலம் முடிந்த பிறகும் பலரை விடவில்லை. எழுபது ஆண்டுகள் கழித்தும் கணபதியின் பெயரைக் குரலைத் தாழ்த்தியே சொல்லும் ஒரு தாத்தாவை எனக்குத் தெரியும்.

இந்தப் பகுதியைக் கேட்கும்போது, ‘நீங்கள் சங்கத்தில் இருந்தீர்களா’ என்று கேட்காதீர்கள். காவல்துறையினர் அந்தக் காலத்தில் கேட்ட கேள்வியே அதுதான். முள்வேலி எப்போது போட்டார்கள், லயங்களை ஓரிடத்திற்கு எப்போது மாற்றினார்கள், பால்வெட்டப் போகும்போது சோறு எடுத்துப் போக விட்டார்களா என்று கேளுங்கள். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு உணவு போகக்கூடாது என்பதற்காகப் பல இடங்களில் அரிசியை அளந்து கொடுத்தார்கள், வாசலில் சோதித்தார்கள். அதைச் சொல்லத் தொடங்குபவர், தாமாகவே வேலைநிறுத்தத்தைப் பற்றியும் சொல்வார். சொல்லாவிட்டால் வற்புறுத்தாமல் விட்டுவிட வேண்டும். 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவாகி, பி.பி. நாராயணன் அதன் முகமாக விளங்கிய காலத்தைப் பற்றி அவர்கள் தயக்கமின்றிப் பேசுவதையும் நான் கவனித்திருக்கிறேன். அங்கிருந்து பின்னோக்கி வருவது இன்னொரு நல்ல வழி.

போரின் அரசியல் விளைவுகளில் இன்றுவரை குடும்பங்களைத் தொட்டுக்கொண்டிருப்பது குடியுரிமைதான். பிரிட்டிஷ் அரசு அனுப்பிய ஹெரால்ட் மெக்மைக்கேல் 1945 இறுதியில் சுல்தான்களிடம் சென்று கையெழுத்து வாங்கியதன் அடிப்படையில் 1946 ஏப்ரல் 1 அன்று மலாயன் யூனியன் தொடங்கியது. அந்நாட்டில் பிறந்த எல்லா இனத்தவருக்கும் தாராளமாகக் குடியுரிமை வழங்க அதில் இடம் இருந்தது. சுல்தான்களின் உரிமையையும் மலாய்க்காரர்களின் நிலையையும் அது பறிக்கிறது என்று டத்தோ ஓன் ஜாபார் தலைமையில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1946 மே 11 அன்று ஜொகூர் பாருவில் அம்னோ என்னும் மலாய்க் கட்சி பிறந்தது. தம் நாட்டை ஒரு கையெழுத்தால் மாற்றிவிட்டார்கள் என்ற அவர்களுடைய கோபத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் குடியுரிமை விதி நடைமுறைக்கு வராமலே போயிற்று. 1948 பிப்ரவரி 1 அன்று வந்த மலாயாக் கூட்டமைப்பில் விதிகள் இறுகின: வெளியில் பிறந்தவர் குறைந்தது 15 ஆண்டுகள் அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும், மலாய் அல்லது ஆங்கிலம் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். இந்த ஏற்பாடு முன்மொழியப்பட்டபோதே அதை எதிர்த்து 1947 அக்டோபர் 20 அன்று நாடு தழுவிய கடையடைப்பு நடந்தது. மலாயா இந்தியர் காங்கிரசும் அந்தப் போராட்ட அணியில் இருந்தது.

தோட்டத்துத் தமிழர் 15 ஆண்டு வாழ்ந்ததை எதைக் கொண்டு காட்டுவார்? தோட்ட அலுவலகத்துப் பேரேடுகள் பல ஜப்பானியர் காலத்தில் அழிந்துபோயின. சயாமில் பிறந்த குழந்தைக்கும், பசியில் தோட்டம் விட்டுத் தோட்டம் ஓடியபோது பிறந்த குழந்தைக்கும் பிறப்புப் பதிவே இல்லை. நாம் எப்படியும் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று நினைத்து விண்ணப்பிக்காதவர்களும் இருந்தார்கள். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, தலைமுறையாக உழைத்த பலர் கப்பலேறி இந்தியாவுக்குப் போக நேர்ந்தது. இன்றும் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடு வாழும் முதியவர்களை எங்கள் வட்டாரத்திலேயே காட்ட முடியும்.

ஆகவே பழைய காகிதம் எதையும் தூக்கி எறியாதீர்கள். கப்பல் சீட்டு, அம்மைப்பால் குத்திய சான்று, தோட்டத்திலிருந்து பெயர் நீக்கிக் கொடுத்த துண்டுக் காகிதம், 1948க்குப் பிறகு அவசரகாலத்தில் கொடுத்த முதல் அடையாள அட்டை, அரிசி அட்டை ஆகிய எல்லாவற்றையும் முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்துவைக்க வேண்டும். பின்பக்கத்தில்தான் கிராணியின் குறிப்பும் தேதியும் இருக்கும். மூலத்தைக் குடும்பத்திடமே விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொள்வது என் வழக்கம். பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிவிடுவதைத் தவிர்க்கச் சொல்வேன். நம் ஊர் ஈரத்தில் மை உறையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அமிலமில்லாத காகித உறை கிடைத்தால் நல்லது.

முதியவர் சொன்னதைச் சரிபார்க்க, சிங்கப்பூர்த் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்துள்ள பழைய செய்தித்தாள் தொகுப்பு பெரிதும் உதவுகிறது. ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ முதலான ஆங்கில ஏடுகளோடு, கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’வின் பழைய இதழ்களும் அங்கே இருக்கின்றன. ஆங்கில ஏடுகளில் தேடும்போது ஊரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் அக்கால எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும்; தோட்டங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரும், நம்மவர் வழக்கில் முற்றிலும் வேறொரு பெயரும் இருப்பதால், இரண்டையும் ஒப்பிட்ட ஒரு பட்டியலை முதலிலேயே தயாரித்துக்கொள்ளுங்கள். தொழிலாளியின் தனிப்பெயர் அங்கே கிடைப்பது அரிது. தோட்டம், மாதம், சம்பவம் ஆகிய மூன்றும் ஒத்துவந்தால் போதும். கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இராணுவ நிர்வாகக் காலத்துக் கோப்புகளும் மலாயன் யூனியன் கோப்புகளும் உள்ளன; அட்டவணையை முன்கூட்டியே பார்த்துக் கோப்பு எண்களைக் குறித்துக்கொண்டு போனால் ஒரு நாளில் நிறையப் படிக்கலாம்.

1931இல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சேர்த்து ஆறு லட்சத்து இருபதாயிரம் அளவில் இருந்த இந்தியர் தொகை, 1947ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆறு லட்சத்திற்குச் சற்றுக் கீழே வந்துவிட்டது. அதே காலத்தில் மற்ற இனத்தவர் தொகை பெருகியிருந்தது. 1938இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர் வருகைக்குத் தடை போட்டதும் இதற்கு ஒரு காரணம் என்பதால், எல்லாவற்றையும் போரின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆயினும் எந்தெந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்பதைத் தோட்டம் தோட்டமாகச் சேர்த்தால்தான் இந்த எண்ணிக்கையில் போரின் பங்கு எவ்வளவு என்பது தெரியவரும். நான் இப்போது எங்கள் வட்டாரத்திற்கு அத்தகைய பட்டியல் ஒன்றைத் தயாரித்து வருகிறேன். தோட்டத்தின் இரு பெயர்கள், போனவர் பெயர், அவருடைய தந்தை பெயர், உடன் போனவர்கள், திரும்பிய மாதம், திரும்பாதவராயின் அதைச் சொன்னவர் யார், குடும்பம் பிறகு எங்கே போயிற்று, குடியுரிமை எப்போது கிடைத்தது என்பவை அதன் கட்டங்கள். கடைசிக் கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதையும் கேட்டு நிரப்புங்கள். சொன்னவரின் பேரப்பிள்ளைகளில் ஒருவரிடம் பட்டியலின் ஒரு படியைக் கொடுத்துவிட்டே நான் அந்த வீட்டிலிருந்து கிளம்புகிறேன்.